நாலுக்கும் ஐந்துக்கும் இடையில்

லிஃப்ட் நின்றுவிட்டது என்று எனக்கு உடனே புரியவில்லை. விளக்கு அணைந்தது, காலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்த அதிர்வு நின்றது, பக்கத்தில் நின்ற அம்மாள் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டாள், அதற்குப் பிறகுதான் புரிந்தது. நாலாவது மாடியைத் தாண்டியிருந்தோம். ஐந்து இன்னும் வரவில்லை. இரண்டு கதவுகளும் சேருமிடத்தில் ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி இருந்தது. அதன் கீழ்ப்பாதியில் சிமெண்டுச் சுவர், மேல்பாதியில் கொஞ்சம் வெளிச்சம். சே ஃபூவே லா லூஸ், என்றாள் அந்த அம்மாள். கரண்ட் போயிடுச்சு. ஹவானாவுக்கு வந்து இந்த ஒன்பது நாளில் வணக்கத்தைவிட அதிகமாக நான் கேட்ட வாக்கியம் இதுதான். கடையில், படகில், ஐஸ்கிரீம் வரிசையில் கேட்டிருக்கிறேன். லிஃப்டுக்குள் கேட்டதில்லை. காலையில் மாடிப்படியில் இறங்கிப் போனவள் வரும்போதும் ஏறியே வந்திருக்கலாம். ஏழு மாடிதானே. கடற்கரைச் சுவரோரம் ஐந்து கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்த கால் வலித்தது, லிஃப்டில் ஏறினேன். கதவு மூடப்போகும்போது இந்த அம்மாள் ரொட்டிப் பையும் முட்டை அட்டையுமாக ஓடிவந்தாள், நான்தான் கதவைப் பிடித்து நிறுத்தினேன். பிடிக்காமல் இருந்திருந்தால் நான் தனியாக மாட்டியிருப்பேன். அது தேவலையா, இது தேவலையா. மணி எட்டே கால். நாளை மறுநாள் இந்நேரம் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருப்பேன்.

ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது, அம்மாள் பதிலுக்குக் கத்தினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. லிஃப்டின் சாவி வைத்திருப்பவர் மரியானாவ் பக்கம் போயிருக்கிறார், ஆள் அனுப்பியிருக்கிறோம், கொஞ்ச நேரம் பொறுங்கள். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று கேட்கும் அளவுக்கு எனக்கு ஸ்பானிஷ் தெரியும், ஆனால் கேட்கவில்லை. இந்த ஊரில் அதற்குத் தோளைக் குலுக்குவார்கள். அம்மாள் தரையில் உட்கார்ந்தாள், முட்டை அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒடாலிஸ், என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், ஒன்பதாவது மாடி. ஜெபராணி, என்றேன், ஏழு, மிர்த்தா வீடு. மிர்த்தாவின் விருந்தாளியா, இந்துப் பெண்ணா, என்று சிரித்தாள். இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் இங்கே இந்துதான். நாசரேத்தில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற குடும்பம் நாங்கள் என்று சொல்லப் போனால் ஏசு பிறந்த ஊரா என்பார்கள், இல்லை, திருச்செந்தூருக்குப் பக்கம் என்று சொல்ல வேண்டியிருக்கும், அதற்கெல்லாம் வார்த்தை இல்லை. யானெலிஸ் எனக்கு ஸ்பானிஷில் நிகழ்காலம் மட்டும்தான் சொல்லிக்கொடுத்தாள். வளைகுடாவில் ஒரே வார்டில் நானும் அவளும் நாலு வருஷம் நர்ஸாக இருந்தோம். டீ குடிக்கும் பத்து நிமிஷத்தில் பாடம். நான் போகிறேன், நான் சாப்பிடுகிறேன், நான் கொடுக்கிறேன். நேற்றையும் நாளையையும் அப்புறம் படிச்சுக்கலாம் ஜெபா, என்பாள். அப்புறம் வரவில்லை. அவள் ஸ்பெயினுக்குப் போனாள், நான் கோயம்புத்தூருக்கு வந்தேன். எப்போதாவது என் ஊருக்குப் போ, சித்தி மிர்த்தா வீட்டில் ஒரு அறை இருக்கிறது, கடல் தெரியும், என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சாலமோன் அண்ணனுக்கு இன்னும் புரியவில்லை. நாற்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு, தனியாக, அதுவும் அவ்வளவு தூரம், அங்கே என்ன இருக்கு என்றான். ஒன்றும் இல்லாததால்தான் என்று சொல்லத் தோன்றியது. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத, ஆஸ்பத்திரி வாசனை இல்லாத, யாரும் என்னை சிஸ்டர் என்று கூப்பிடாத ஊர். முதல் மூன்று நாள் அப்படித்தான் இருந்தது. ரேக்லாவுக்குப் படகில் போனேன், கறுப்பு மாதாவைப் பார்த்தேன், கரையோரம் தூரத்தில் ஏதோ கலங்கரை விளக்கம் தெரிந்தது, அதுவரை நடந்தேன். நாலாம் நாள் மருந்துக்கடை ஒன்றைக் கடக்கும்போது உள்ளே காலி அலமாரியில் ஒரே ஒரு அட்டைப்பெட்டி சிரிஞ்சு இருந்தது. நான் கண்ணாடியோடு முகம் ஒட்ட நின்று மூடியின் நிறம் என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தவள் என்ன வேண்டும் என்று கேட்டபோதுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது.

வெக்கை. காற்றே இல்லை. ஒடாலிஸ் கொட்டாவி விட்டாள். எதிர்ச்சுவரில் கீறியிருந்த பெயர்களைக் கைபேசி வெளிச்சத்தில் படித்தேன், பேட்டரி பதினெட்டு சதவீதம், அணைத்தேன். இருட்டில் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். காலை ஆறு மணிக்கே வரிசையில் நின்றாளாம், ரொட்டி வர நேரமாகிவிட்டதாம், முன்னால் நின்றவளுக்கும் இன்னொருத்திக்கும் சண்டையாம். வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிட வேண்டும். பேச்சுக்கு நடுவில் ஒரு வார்த்தை வந்தது. இன்சுலினா. அது எந்த பாஷையிலும் ஒரே வார்த்தைதான். காலையில் கிளம்பும்போதே போட்டுக்கொண்டேன், சீக்கிரம் வந்துவிடலாம் என்று நினைத்தேன், என்றாள். எவ்வளவு என்று நான் கேட்டிருக்கக் கூடாது. வாய் கேட்டுவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அப்படிக் கேட்ட வாய். தியெஸ், என்றாள். பத்து.

பத்து. எத்தனை யூனிட் போட்டீர்கள் சிஸ்டர்? பத்து சார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் என்கொயரி, மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் தண்ணீர் பாட்டில்கள், சார்ட்டில் என் கையெழுத்து, பத்து யூனிட், மதியம் ஒன்றரை மணி. பத்து என்ற கோடு வரைதான் இழுத்தேன். அது பொய் இல்லை. அந்தக் கோடு வரை இழுத்தேன், குமிழி தட்டினேன், தண்டபாணி சாரின் வயிற்றில் போட்டேன், அவர் தன் லேத் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவன் செய்த கூத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் சிரித்தேன். ஆனால் நூறு சக்தி மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு, நாற்பதுக்கு சிவப்பு மூடி. மருந்து நூறு, நான் எடுத்தது சிவப்பு. அந்தக் கோட்டில் பத்து என்பது பத்து இல்லை, இருபத்தைந்து. மறுநாள் காலை யூனிஃபார்மைத் துவைக்கப் போடும்போது அதன் பையில் விரல் பட்டது, எடுத்துப் பார்த்தேன், சிவப்பு மூடி. குளியலறையில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதற்குள் எல்லாம் நடந்துவிட்டிருந்தது. இரண்டு மணிக்கு நான் டியூட்டி மாற்றிக்கொடுத்துவிட்டுப் போனேன். தண்டபாணி சார் சாப்பாடு பிடிக்கவில்லை என்று தட்டை நகர்த்திவிட்டாராம். அடுத்த டியூட்டிக்கு வந்த வெண்ணிலா அன்றைக்கு ஒருத்தி வராததால் இரண்டு ஆள் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், மூன்று மணிக்குப் பார்க்க வேண்டிய சர்க்கரையை நாலே காலுக்குப் பார்த்தாள், எழுபதுக்குக் கீழே போகக்கூடாதது, இருபத்தெட்டு. அவர் பிழைத்துக்கொண்டார். மனைவியை மட்டும் யார் என்று தெரியவில்லை. மகளை அம்மா என்று கூப்பிட்டார். பிழைத்துக்கொண்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். வெண்ணிலாவுக்கு இருபத்துநாலு வயது, தர்மபுரிக்காரி, கவனக்குறைவு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரியிலும் நுழைய முடியாது. மூன்று மணிக்கு அவள் பார்க்கவில்லை என்பது உண்மை. பத்து என்று நான் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏன் இப்படி நாறுகிறது. எட்டு மாசமாக வைத்து வைத்துப் பார்க்கிறேன்.

ஒடாலிஸ் பேச்சை நிறுத்தியிருந்தாள். எப்போது நிறுத்தினாள். நான் கவனிக்கவில்லை.  செனோரா, என்றேன். ம் என்றாள். கைபேசியைப் போட்டேன். நெற்றி, மேலுதடு, கழுத்து எல்லாம் வியர்வை. எனக்கும்தான் வியர்க்கிறது, இந்தப் பெட்டிக்குள் யாருக்கு வியர்க்காது. ஆனால் அவள் மணிக்கட்டைத் தொட்டால் சில்லென்று இருந்தது. கொட்டாவி. அந்தக் கொட்டாவியை அப்போதே பிடித்திருக்க வேண்டும். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். மாடியில் பூனை இருக்கிறது என்றாள். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. பூனை, என்று மறுபடி சொல்லிச் சிரித்தாள். பிறகு கோபமாக ஏதோ சொல்லி என் கையைத் தட்டிவிட்டாள். எனக்குத் தெரியும் இது என்ன என்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். என் பைக்குள் அண்ணன் பிள்ளைகளுக்கு என்று காலையில் வாங்கிய கொய்யா மிட்டாய்க் கட்டி இருக்கிறது, பழத்தைச் சர்க்கரையில் காய்ச்சி செங்கல் மாதிரி இறுக்கியது, பாதி சர்க்கரை. தண்ணீர் பாட்டிலும் இருக்கிறது. எழுந்திருக்க வேண்டும், எடுக்க வேண்டும், கொடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது சர்க்கரையாக இல்லாவிட்டால், மூளையில் அடைப்பாக இருந்தால், இருதயமாக இருந்தால். மிட்டாய் தொண்டையில் சிக்கி மூச்சு நின்றால். வெளியூர்க்காரி, பேர் தெரியாதவள், பூட்டிய பெட்டிக்குள் ஒரு கிழவி வாயில் எதையோ திணித்தாள், கிழவி செத்துப்போனாள். போலீஸ் கேட்பார்கள். எத்தனை கொடுத்தாய். மிர்த்தா என் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிய அந்த நீலப் புத்தகத்தில் என் பேர் இருக்கிறது. நாளை மறுநாள் விமானம். யாராவது வருவார்கள், சாவி வரும், கதவு திறக்கும், தூக்கிக்கொண்டு போவார்கள், அவர்கள் பாடு. கையே வைக்காமல் இருந்தால் என் பேரில் எதுவும் வராது. அன்றைக்கு வந்ததா. வரவில்லையே. கைவைத்தும் வரவில்லையே.

அந்த நினைப்புதான் என்னைக் கிளப்பியது என்று நினைக்கிறேன். நல்ல குணம் ஒன்றும் இல்லை. என்மேல் எனக்கு வந்த அருவருப்பு. சர்க்கரை ஏறியிருந்தால் இன்னும் ஒரு துண்டால் பெரிதாகக் கெட்டுப்போவது எதுவும் இல்லை, இறங்கியிருந்தால் கொடுக்காமல் விடுவதில் எல்லாமே போகும். முதல் வருஷப் பாடம். ஊசி போடப் பழகும் முன்னாலேயே சொல்லிக்கொடுப்பது. மிட்டாயைப் பல்லால் கடித்து உறையைக் கிழித்தேன், பாட்டில் மூடியில் நசுக்கித் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். முட்டை அட்டையை மடியிலிருந்து எடுக்க விடவில்லை, இறுகப் பிடித்திருந்தாள், விட்டுவிட்டேன். தலையை என் தோளில் சாய்த்துப் பக்கவாட்டில் திருப்பினேன். விரல் நுனியில் எடுத்துக் கன்னத்தின் உட்புறம், ஈறின்மேல், கொஞ்சம். தேய்த்தேன். மறுபடி கொஞ்சம். என் கை இவ்வளவு நடுங்கி நான் பார்த்ததில்லை, இருபத்திரண்டு வருஷத்தில் நடுங்காத கை, அந்த மதியம்கூட நடுங்காமல்தான் போட்டது. விழுங்குங்க, என்று தமிழில் சொன்னேன். விழுங்குங்கம்மா. அவள் பல் என் விரலில் பட்டது. விழுங்கினாள். எண்ணினேன், அறுபது வரை, மறுபடி ஒன்றிலிருந்து அறுபது வரை, இன்னொரு விரல். கைபேசி வெளிச்சத்தில் அவள் கண் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் எங்கோ பார்த்தது. இந்தப் பார்வை எனக்குத் தெரியும். தண்டபாணி சார் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன அன்று சக்கர நாற்காலியிலிருந்து என்னை இப்படித்தான் பார்த்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க நல்லா பாத்துக்கிட்டீங்க சிஸ்டர், என்றாள். எண்ணிக்கையை விட்டுவிட்டேன். நாற்பதா ஐம்பதா. வெளியே யாரோ இரும்பில் தட்டினார்கள். ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். பன்னிரண்டு நிமிஷம் ஆனது. கைபேசியில் பார்த்ததால் தெரியும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் என்று சொல்லியிருப்பேன்.

பதின்மூன்றாவது நிமிஷத்தில் ஒடாலிஸ் மடியைத் தடவிப்பார்த்து, முட்டை உடைஞ்சுதா, என்று கேட்டாள். இல்லை என்றேன். நாக்கைச் சப்புக்கொட்டினாள், கொய்யா, என்றாள். அதற்குள் தெளிந்துவிட்டிருந்தது. மீதிக் கட்டியை அவளே வாங்கித் தின்றாள், கூடவே ரொட்டியையும் பிய்த்துத் தின்றாள். தின்றுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள், கட்டைவிரலால் புறங்கையைத் தடவினாள். நீ டாக்டரா, மகளே? இல்லை, நர்ஸ். நர்ஸுக்கு ஏன் இப்படிக் கை நடுங்குகிறது என்று கேட்டாள். சும்மா கேட்டாள், அவ்வளவுதான். பயந்துபோனேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பயம் என்ற வார்த்தை எனக்குத் தெரியும். ஆனால் வேறு வார்த்தைகள் வந்தன. கடந்த காலம் தெரியாததால் எல்லாம் இப்போது நடக்கிற மாதிரியே வந்தது. நான் ஒரு மனிதருக்கு இன்சுலின் கொடுக்கிறேன், என்றேன். அதிகம் கொடுக்கிறேன். அவர் மனைவியை அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு பெண், சின்னப் பெண், அவளுக்கு வேலை இல்லை. நான் சொல்வதில்லை. எனக்குத் தெரியும், நான் சொல்வதில்லை. தமிழில் எட்டு மாசம் உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தபோது இதில் எத்தனை ‘ஆனால்’ இருந்தது, எத்தனை ‘அன்றைக்கு’ இருந்தது, மூன்று மணி, ஆள் பற்றாக்குறை, சாப்பாட்டுத் தட்டு. ஸ்பானிஷில் எனக்கு அந்த அளவுக்கு வாக்கியம் கிடையாது. ஆறு வரியில் முடிந்துவிட்டது.

அவள் கையை விடவில்லை. ஆனால் தடவிக்கொண்டிருந்த கட்டைவிரல் நின்றுவிட்டது.  அவளுக்குப் புரிந்ததா, என் வாக்கியம் தப்பா, ஏன் சொன்னேன், நாளை மறுநாள் போய்விடுவேன் என்ற தைரியத்தில் சொன்னேனா, முன்பின் தெரியாதவளிடம் இறக்கிவைத்துவிட்டுப் போகத்தான் இவ்வளவு தூரம் வந்தேனா. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா, என்று கேட்டாள். இருக்கிறாள். அவளுக்குத் தெரியுமா? தெரியாது. எந்தோன்செஸ், என்றாள் ஒடாலிஸ். அப்படியென்றால். அதற்கு மேல் எதையாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பாவம் என்றோ, பரவாயில்லை என்றோ, கடவுள் என்றோ ஏதாவது. கையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு ரொட்டித் துகளைத் தட்டிவிட்டாள். சாவிக்காரர் வரும் முன்பே மின்சாரம் வந்தது. விளக்கு கண்ணைக் குத்தியது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறியது. ஏழில் கதவு திறந்தது, நான் இறங்கவில்லை. ஒன்பதில் அவள் வாசல் வரை போனேன். அவள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து பால் ஊற்றிக் குடிக்கும் வரை நின்றேன், ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பாருங்கள் என்று சொன்னேன், சரி என்றாள். இங்கே எல்லோரும் கொடுப்பது போலக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். நன்றி சொன்னாள். நான் சொன்ன அந்த விஷயத்தைப் பற்றி அவள் முகத்தில் எதுவும் இல்லை, அதாவது என்னை மன்னித்து விட்டுவிடுகிற மாதிரி எதுவும் இல்லை.

படியில் இரண்டு மாடி இறங்கினேன். மிர்த்தா அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்தாள், மாட்டிக்கொண்டாயாமே என்று பதறினாள், உட்காரச் சொன்னாள். கடல் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. மணி ஒன்பது ஐந்து. ஊரில் மாலை ஆறு முப்பத்தைந்து. வெண்ணிலா தர்மபுரியில் ஏதோ ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருப்பதாக ஒருத்தி சொல்லியிருந்தாள், இந்நேரம் விட்டிருக்கும். நம்பர் இருக்கிறது. எட்டு மாசத்தில் எத்தனையோ முறை அந்தப் பேர் வரை விரல் போயிருக்கிறது. நாளைக்குச் செய்யலாம், அவள் களைத்திருப்பாள். ஊருக்குப் போய் நேரில் சொல்வதுதான் முறை. இதையெல்லாம் போனில் சொல்வார்களா. பேட்டரி ஒன்பது சதவீதம், பாதியில் அணைந்துவிட்டால் இன்னும் கேவலம். ஒவ்வொன்றாக வந்து நின்றன, எல்லாமே மரியாதையான காரணங்கள். எதிர் நாற்காலியில் மிர்த்தா சர்க்கரை ஜாடியை நகர்த்தி வைத்தாள். அழுத்திவிட்டேன். நாலு தடவை மணி அடித்தது, ஐந்து. எடுக்கமாட்டாள் என்று நிம்மதி வரப் பார்த்தது.

"சொல்லுங்க சிஸ்டர்" என்றாள். முன்பெல்லாம் அக்கா என்பாள். பின்னால் பஸ் இரைச்சல், கண்டக்டர் யாரையோ உள்ளே போகச் சொல்லும் குரல். நல்லா இருக்கியாம்மா என்று ஆரம்பித்தேன், அது எவ்வளவு அசிங்கமாக இருந்தது என்று சொல்லும்போதே தெரிந்தது, நிறுத்தினேன். அடுக்களையில் காபி கொதிக்கும் சத்தம். தமிழில் எல்லாக் காலமும் இருந்தது, எல்லா ‘ஆனால்’களும் இருந்தன. லிஃப்டில் சொன்ன அந்த ஆறு வரியைத் தேடிப் பிடித்தேன்.

"வெண்ணிலா, தண்டபாணி சாருக்கு அன்னைக்கு டோஸ் தப்பாப் போட்டது நான்தான். சிரிஞ்சு மாறிப்போச்சு. பத்துன்னு எழுதினேன், உள்ள போனது இருபத்தஞ்சு. மறுநாளே எனக்குத் தெரியும். என்கொயரியில நான் சொல்லல."

பஸ் எங்கோ நின்றது, கிளம்பியது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.  அழுகிறாளா என்று உற்றுக் கேட்டேன். அழவில்லை. திட்டுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், திட்டவும் இல்லை. அணைந்துவிட்டதோ என்று கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. வெண்ணிலா, என்றேன். இருக்கேன், என்றாள். பிறகு யாரிடமோ கொஞ்சம் நகருங்க என்று சொன்னாள். ஜன்னல் பக்கம் போயிருப்பாள், காற்று இரைந்தது.

"இத எழுத்துல குடுப்பீங்களா?"

குடுக்கறேன் என்றேன். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், அதற்கு முன்னால் உன்னை வந்து பார்த்து, என்று சொல்லிக்கொண்டே போனேன். என் குரல் எனக்கே வார்டில் சொந்தக்காரர்களைச் சமாதானம் செய்யும் குரலாகக் கேட்டது. அவள் என்னை முடிக்க விடவில்லை.

"இப்பவே எழுதுங்க சிஸ்டர். எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்க. ஊருக்கு வந்தா உங்களுக்கு மனசு மாறிடும்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்தவள் வேறு யாரும் இல்லை. சரிம்மா என்றேன். நான் லைன்லயே இருக்கேன், என்றாள். கைபேசியை மேஜையில் ஸ்பீக்கரில் வைத்தேன், மிர்த்தா ஓடிப்போய் சார்ஜர் கொண்டுவந்து செருகினாள், தர்மபுரி பஸ்ஸின் ஹாரன் அந்த அடுக்களை முழுக்கக் கேட்டது. மிர்த்தாவிடம் தாள் கேட்கத் திரும்பினேன். தாளுக்கு ஸ்பானிஷில் என்ன என்று வரவில்லை. இடது உள்ளங்கையை விரித்து, வலது விரலால் அதன்மேல் எழுதிக் காட்டினேன்.